சக்கரத்தின் முதல் எழுத்து

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் பரவையைத் தாண்டிப் போனால் சமயநல்லூர். எழுபதுகளில் அந்த ரோட்டோரம் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு 25 பைசா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைக்காரரின் மூத்த மகனுக்குப் பஞ்சர் ஒட்டுகிற வேலை. பால்ரஸ், கோனு, ப்ரீவீல், நிப்பிள், போக்ஸ் கம்பி என்று கடை முழுக்க இங்கிலீஷ் பெயர்கள்தான். எல்லாம் மதுரை வாய்க்குப் பழகித் தேய்ந்தவை. ஒரு வேலைக்கு மட்டும் நல்ல தமிழ்ப் பெயர் இருந்தது. கோட்டம் எடுப்பது. ரிம் வளைந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எந்த இடத்தில் இழுக்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று முடுக்க வேண்டும். "நிக்கிற வீலுல கோட்டம் தெரியாதுடா, சுத்திவிட்டுப் பாரு" என்பார் அப்பா.

அந்த மகன் பிற்பாடு மொழியியல் படித்தார். சொற்களின் வரலாறு பார்ப்பதே முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குப் பிழைப்பாயிற்று. அகராதிக்குச் சீட்டு எழுதுவது, மெய்ப்புத் திருத்துவது, வகுப்பெடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. டீக்கடையில் "வார்த்தைக்கு ஜாதகம் பாக்கிறவரு" என்று அறிமுகம் செய்துவைப்பார்கள். அவருக்கும் பெரிய ஆட்சேபம் கிடையாது. ஜாதகக்காரருக்குப் பிறந்த நேரமாவது தெரியும் என்று மட்டும் முனகுவார்.

எல்லாம் தொடங்கியது எண்பதுகளில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எம்.ஏ. வகுப்பில். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நட்சத்திரம் போட்டு, அதன் பக்கத்தில் ஒரு சொல்லை எழுதினார்: *க்வெக்வ்லோஸ். இதை எந்தக் கல்வெட்டிலும் எந்தச் சுவடியிலும் யாரும் கண்டதில்லை, கண்டதில்லை என்பதற்குத்தான் அந்த நட்சத்திரம் என்றார். பிறகு அதிலிருந்து அம்புக்குறிகள் கிளம்பின. சமஸ்கிருதத்தில் சக்ர. கிரேக்கத்தில் குக்லோஸ். பழைய ஆங்கிலத்தில் ஹ்வேஓல். பாரசீகத்தில் சர்க். சீனத்து மேற்குப் பாலைவனத்தில் சுவடிகளாகக் கிடைத்த தொகாரிய மொழியில் கோகலே. அங்கே அதற்கு வண்டி என்று பொருள்.

வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் அப்பா கடை கண்ணில் வந்து நின்றது. சக்ர, சக்கரம். குக்லோஸ் லத்தீனில் ஏறி, பிரெஞ்சு, இங்கிலீஷ் வழியாக வந்து சைக்கிள். ஹ்வேஓல் தேய்ந்து வீல். சமயநல்லூர் வாடிக்கையாளர் ஒருத்தர் வாரம் ஒரு தடவை வந்து சொல்லுவார்: "அண்ணே, சைக்கிள் வீல் சக்கரம் கோணிக்கிருச்சு." மூன்று சொல்லும் ஒரே சொல். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தி பிரிந்த மூன்று பங்காளிகள் ஒரு பஞ்சர் கடை வாசலில் வந்து சேர்ந்திருக்கிறார்கள், யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22-இல் காந்தி அரையாடைக்கு மாறினாரே, அவர் ஊர் ஊராகச் சுழற்றச் சொன்ன சர்க்கா, பாரசீகச் சர்க்கின் பிள்ளை. நாலாவது பங்காளி.

ஒன்று போல ஒலிப்பதால் இவற்றைச் சேர்த்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வீலும் சக்கரமும் எங்கே ஒன்று போல ஒலிக்கின்றன? ஒரு எழுத்துகூடப் பொருந்தாது.

க்வ் என்பது, க் சொல்லும்போதே உதட்டையும் குவித்துச் சொல்லுகிற ஒரு மெய். ஆங்கிலம் பிறந்த ஜெர்மானியக் கிளையில் பழைய க் எல்லாம் ஹ் ஆகிவிட்டது. இதை விதியாக எழுதிவைத்தவர் யாக்கோப் கிரிம், 1822-இல். பிள்ளைகளுக்குக் கதை தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர். கொம்புக்கு லத்தீனில் கொர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். நூறுக்கு லத்தீனில் கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். உதடு குவிந்த க்வ், அதே போல, ஹ்வ் ஆகும். லத்தீன் க்வோத், ஆங்கிலத்தில் முன்பு ஹ்வாட், இன்று வாட். வீல் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது டபிள்யூவுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச் ஊமையாக உட்கார்ந்திருக்கிறதல்லவா, அது அந்தப் பழைய க்வ்வின் எச்சம். நடுவிலிருந்த இரண்டாவது க்வ் கரைந்து காணாமலே போயிற்று.

சமஸ்கிருதச் சக்ரவில்தான் சுவாரசியம் இருக்கிறது. தொடக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே மெய், க்வ். சக்ரவில் பார்த்தால் முதலில் ச, நடுவில் க். ஒரே மெய் ஒரே சொல்லுக்குள் ஏன் இரண்டு விதமாகப் போனது?

இந்த இடத்தில் மாணவர்கள் விழிப்பார்கள் என்பதால், அவர் காதைத் தொட்டுக் காட்டுவார். தமிழில் செவி, தெலுங்கிலும் செவி. கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி. சிவப்புக்குத் தமிழில் செம் என்றால் கன்னடக்காரர் கெம்பு என்பார். செய் என்பதற்குப் பழைய கன்னடம் கெய். மூலத் திராவிடத்தில் இருந்தது க். எ, இ போன்ற முன் உயிர் பின்னால் வந்தால் தமிழிலும் தெலுங்கிலும் அது ச் ஆகிவிடுகிறது. நாக்கு, அடுத்து வரப்போகும் எ-வுக்காக முன்கூட்டியே முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் செவியால் செய்கிற காரியம் மட்டும் ஏன் கேள் என்றே நிற்கிறது, சேள் ஆகவில்லை? கிளி, கெடு, கிழவன் எல்லாம் ஏன் தப்பித்தன? பின்னால் நாமடி எழுத்து, அதாவது ட, ள, ழ வந்தால், தமிழில் க் அசைந்து கொடுக்காது. தெலுங்கில் அந்தத் தடை இல்லை. அங்கே கெடு, செடு ஆகிவிட்டது. 1940-களில் தாமஸ் பரோ இதை வரிசைப்படுத்தி எழுதினார். கன்னடத்தில் கிட, தமிழில் செடி என்ற ஒரு ஜோடி மட்டும் விதிக்கு அடங்காமல் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அவருக்கு அந்தச் செடி மேல் தனிப் பிரியம்.

இப்போது சக்ரவுக்குத் திரும்பினால் கதவு திறக்கும். முதல் க்வ்வுக்குப் பின்னால் எ இருந்தது, அதனால் அது ச் ஆனது. இரண்டாவது க்வ்வுக்குப் பின்னால் ல் இருந்தது, அதனால் க் என்றே நின்றது. ல் பிற்பாடு ர் ஆகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், தமிழ்ச் செவியில் அந்த எ இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. சக்ரவில் எ எங்கே? இல்லை. ச்-ஐ உண்டாக்கிவிட்டு அது அ ஆகி மறைந்துவிட்டது. காரணம் போய்விட்டது, காரியம் நிற்கிறது.

இந்த ஒற்றை எழுத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் பெரிய கலகமே நடந்தது. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் பொது ஊற்று ஒன்று இருக்க வேண்டும், அது இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்று சொன்ன பிறகும், ஐரோப்பியப் பண்டிதர்கள் பலர் சமஸ்கிருதத்தின் உயிரெழுத்துகளே மூத்தவை என்று நம்பினார்கள். அங்கே அ ஒன்றுதான். கிரேக்கத்தின் எ, ஒ எல்லாம் பின்னால் சிதறியவை என்பது கணக்கு. 1870-களில் ஒரே சமயத்தில் பல பேர் ஒருவரை ஒருவர் கேட்காமல் இந்தச் ச்-ஐக் கவனித்தார்கள். சமஸ்கிருதத்தில் எங்கெல்லாம் க்-க்குப் பதில் ச வருகிறதோ அங்கெல்லாம் கிரேக்கமும் லத்தீனும் எ காட்டுகின்றன. அப்படியென்றால் எ தான் பழசு. சமஸ்கிருதம் அதைத் தொலைத்திருக்கிறது. தாய் என்று நினைத்தவள் மூத்த சகோதரிகளில் ஒருத்தியாகிவிட்டாள். மேடைப் பேச்சுக்கு வசதியான செய்தி இது. ஆனால் அவர் மேடையில் பேசச் சம்மதித்ததில்லை, ஏனென்றால் அடுத்த வரியிலேயே தமிழையும் எல்லாவற்றுக்கும் தாய் என்று சொல்ல முடியாது என்று சொல்ல வேண்டிவரும்.

சரி, ஒரு சொல்லை வைத்து விதி சொல்லிவிடலாமா? அவருடைய தொழிலில் விழுந்த முதல் அடி இந்தக் கேள்விதான்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் அவர் ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். பழந்தமிழில் கால் என்றால் சக்கரம் என்றும் பொருள். திருக்குறள் தேருக்குக் கால் சொல்லுவதும் அந்தப் பொருளில்தான். கன்னடத்தில் இன்றும் சக்கரத்துக்கு காலி என்பார்கள், முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்தி. *க்வெக்வ்லோஸ் என்பதோ *க்வெல், அதாவது திரும்பு, சுழல் என்ற வேரை இரட்டித்துச் செய்தது. நம் கடகட, குடுகுடு மாதிரி. க்வெல், கால். பொருளும் சுழற்சி, ஒலியும் பக்கத்தில். இரவு பகலாகப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் மூன்று நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். பக்கங்களில் ஒரு கோடு இல்லை. கடைசியில் பென்சிலால் இரண்டு சொல் மட்டும்: "இன்னொரு சொல்?"

அதாவது, அங்கே க்வ் எ ல் வருகிற இடத்தில் இங்கே க் ஆ ல் வருகிறது என்றால், அதே போல நடந்த வேறொரு சொல்லைக் காட்டு என்று அர்த்தம். மூன்று மாதம் தேடினார். கிடைத்ததெல்லாம் ஒன்று - ஒன், எட்டு - எய்ட், கொல் - கில் மாதிரியானவை. எட்டை எடுத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். ஆங்கில எய்ட்டின் மூதாதை *ஒக்தோ. லத்தீனும் கிரேக்கமும் அதை அப்படியே வைத்திருக்கின்றன, சமஸ்கிருதத்தில் அஷ்ட. தமிழ் எட்டின் அடி எண். எண்பதிலும் எண்ணூறிலும் இன்னும் தெரிகிறது, கன்னடத்தில் எண்டு. இன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற எட்டும் எய்ட்டும் பின்னால் போகப் போக ஒக்தோ, எண் என்று ஆளுக்கொரு திசையில் விலகிவிட்டன. வீலும் சக்கரமும் இதற்கு நேர் எதிர்: இன்று முகச்சாடை இல்லை, பின்னால் போகப் போக நெருங்குகின்றன. கால் கட்டுரையை அவர் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

இன்னொரு சொல் கேட்டால் சக்ரவுக்குக் கொடுக்க முடியும் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அதுவும் சின்ன வயசில் கடையிலேயே கேட்டிருந்த சொல். மதுரையிலிருந்து ஒரு சௌராஷ்டிரப் பையன் அவருக்குக் கூட்டாளி. நெசவாளர் வீடு. விடுமுறை நாளில் கடைக்கு வந்தால் சும்மா இருக்கமாட்டான். சக்கரத்தின் கம்பிகளைத் தன் வீட்டுப் பேச்சில் எண்ணுவான். தீன் என்றதற்கு அடுத்து, ச கொஞ்சம் கடினமாக, சார். ஒரு தடவை கடையில் நின்ற வாத்தியார் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தார். அந்தச் சார், சமஸ்கிருதச் சத்வார வழி வந்த நாலு. லத்தீனில் க்வத்துவோர். மூலம் *க்வெத்வோரெஸ். மறுபடியும் க்வெ, மறுபடியும் ச. சமஸ்கிருதத்தில் 'உம்' என்பதற்கு ச, லத்தீனில் க்வெ, மூன்றாவது சாட்சி. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைத் தேடி ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. மதுரையில் நூற்றாண்டுகளாகத் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் அது தினம் பேசப்படுகிறது. சௌராஷ்டிரம் இந்தோ-ஆரிய மொழி. ஜப்பானியர் நோரிஹிக்கோ உசிதா அதற்கு ஒரு ஆங்கில அகராதியே தொகுத்து 1990-இல் வெளியிட்டார்.

பொருளும் ஒலியும் சேர்ந்தே ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. வகுப்பில் அவர் வழக்கமாக வைக்கும் பொறி இது: சர்க்கிள் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார், இதில் சக்கரத்துக்குச் சொந்தம் எது? அத்தனை பேரும் சர்க்கிள் என்பார்கள். வட்டம், சக்கரம், ச, ர், க் எல்லாம் இருக்கிறதே. ஆனால் சர்க்கிள், சர்க்கஸ் இரண்டும் லத்தீன் கிர்குஸ் வழி. அது வேறு வேர். சொந்தம் விசாரணைதான். விசாரத்தில் இருக்கிற சர், சஞ்சாரம், ஆசாரம், பிரசாரம் எல்லாவற்றிலும் இருக்கிற சர், *க்வெல்லிலிருந்து வந்தது, சுற்றித் திரிவது. லத்தீனில் அதே வேர் ஓரிடத்தில் வளைய வந்து குடியிருப்பது, உழுவது என்று பொருள் திரும்பி, கொலோனியா ஆனது. ஊர் ஊருக்கு இருக்கிற காலனிகள் அதிலிருந்து வந்தவை. கிரேக்கத்தில் போலோஸ், சுழலும் அச்சு. பம்ப்செட்டுக்காரர் சொல்லுகிற புல்லியும் பெரும்பாலும் அந்த வழிதான். இதைக் கேட்டபின் மாணவர்கள் எதைப் பார்த்தாலும் சக்கரம் என்பார்கள். சர்க்கரையுமா சார் என்று ஒருத்தன் கேட்டான். இல்லை என்றார்.

அறிஞர்கள் சக்கரத்தை இத்தனை நோண்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. பேச்சு மண்ணுக்குள் கிடைக்காது, வண்டி கிடைக்கும். போலந்தில் ப்ரோனோசிட்சே என்ற ஊரில் எடுத்த பானையில் நாலு சக்கர வண்டி மாதிரி ஒரு படம் கீறியிருக்கிறது, காலம் கி.மு. 3500-ஐ ஒட்டி. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நுகத்துக்கும் ஒரு மொழியில் பொதுச் சொல் இருந்தால், அந்த மொழி பேசியவர்கள் வண்டி வந்த பிறகும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். அச்சுக்கு சமஸ்கிருதத்தில் அக்ஷ, லத்தீனில் ஆக்ஸிஸ், மெக்கானிக் சொல்லுகிற ஆக்ஸில். நுகத்துக்கு சமஸ்கிருதம் யுக, லத்தீன் யுகும், ஆங்கிலம் யோக். நம் நுகமும் யுகம் வழி வந்தது என்பது அவர் கட்சி. யமன் நமன் ஆனானே, அந்த வழி. மறு தரப்புக்கும் பிடி இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் மிகப் பழைய எழுத்துச் சான்று உள்ள ஹிட்டைட் மொழியில் சக்கரத்துக்கு ஹுர்கி என்று வேறு சொல். ஆகவே அவர்கள் பிரிந்து போன பிறகுதான் மற்றவர்கள் க்வெக்வ்லோஸ் செய்தார்களா? திரும்பு என்ற வேர் எல்லோரிடமும் இருந்ததால் ஆளாளுக்குத் தனித்தனியே அதே சொல்லைச் செய்துகொண்டிருக்க முடியாதா? தனித்தனியே செய்தார்கள் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. சக்கரத்துக்குப் பெயர் வைக்க உருள், வட்டம், ஓடு என்று நூறு வழி இருக்க, நாலைந்து கூட்டத்தார் அதே வேரை எடுத்து, அதையே இரட்டித்து, அதே விகுதியையும் ஒட்டினார்கள் என்பது நம்பும்படி இல்லை.

நட்சத்திரம் போட்ட சொற்களுக்கு அளவுக்கு மீறி உயிர் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் ஷ்லைஹர் 1868-இல் அந்த மூல மொழியிலேயே ஒரு கதை எழுதினார், கம்பளி இழந்த ஓர் ஆடும் வண்டி இழுக்கும் குதிரைகளும் பேசிக்கொள்வதாக. ஹெர்மன் ஹிர்ட் அதைத் திருத்தி எழுதியது, அவர் இறந்த பிறகு 1939-இல் அச்சில் வந்தது. அதற்கப்புறமும் பல பேர். பேசுவதற்கு ஆளில்லாத ஒரு மொழி, உயிரோடிருக்கும் மொழிகளைவிட வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. இதற்கு நேர்மாறு பரோவும் எமனோவும். 1961-இல் வந்த அவர்களுடைய திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலும் சரி, 1984-இன் இரண்டாம் பதிப்பிலும் சரி, நட்சத்திரச் சொல்லைத் தலைச்சொல்லாக வைக்கவில்லை. தமிழ், மலையாளம், தோடா, கன்னடம் என்று வடக்கே பிராகுயி வரைக்கும் இனச்சொற்களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவருக்கு அந்த அடக்கம் பிடிக்கும்.

அவருடைய நட்சத்திரங்கள் ஒருமுறை அச்சகத்தில் மாட்டிக்கொண்டன. மதுரையில் ஓர் அச்சகம், ஒரு சிறு புத்தகம். அச்சுக் கோக்கிறவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "சார், நாப்பது எடத்துல ஸ்டார் போட்ருக்கீங்க. அடிக்குறிப்பெல்லாம் எங்கிட்டு இருக்கு?" அடிக்குறிப்பு கிடையாது, இந்தச் சொல் கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளம் என்று இவர் விளக்கினார். அவர் யோசித்துவிட்டு, "கெடைக்கலன்னா எதுக்கு சார் போடணும்" என்றார். மெய்ப்பு வந்தபோது நட்சத்திரங்கள் எல்லாம் எடுக்கப்பட்டிருந்தன. திரும்பப் போட இரண்டு வாரம் ஆனது.

தாள் விஷயத்தில் மதுரைக்கு இதைவிடப் பெரிய கடன் பாக்கி உண்டு என்று அவர் சொல்வதுண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று 1816-இலேயே, கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால், சொற்பட்டியல் போட்டுக் காட்டியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1819-இல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவருடைய கைப்பிரதிகள் மதுரைக் கலெக்டர் வீட்டில் கிடந்தன என்றும், சமையல்காரர் அவற்றை மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் பயன்படுத்தினார் என்றும் வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார். எத்தனை 'இன்னொரு சொல்' அந்த அடுப்பில் போயிற்றோ.

அப்பா கடை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது டூவீலர் ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஒரு சாயங்காலம் அவர் அங்கே நின்றார். இருபது வயசுப் பையன் ஒருத்தன் பைக் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதுக்குக் கோட்டம் எடுக்கிறதுன்னுதான இன்னும் சொல்றீங்க?"

"கோட்டமா? அது சைக்கிளுக்குங்கய்யா. நாங்க பெண்டு எடுக்கிறதும்போம்."

சட்டைப்பையில் எப்போதும் நாலு வெள்ளைச் சீட்டு வைத்திருப்பார். ஒன்றை எடுத்து, பெண்டு என்று எழுதினார். ஆங்கிலத்தில் வில்லுக்கு நாண் கட்டி வளைப்பதற்கு இருந்த சொல்; மூலம் *ப்ஹென்த்ஹ், கட்டு. சமஸ்கிருதப் பந்தம், பாரசீகம் வழி வந்த பந்தோபஸ்து எல்லாம் அதே கட்டு. இதையும் எழுதிக்கொண்டிருக்கும்போது பையன் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது ஓரிடத்தில் லேசாக இழுத்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.